இடுப்புத் தளத் தசைக்குக் கருவி வாங்கலாமா? எதை வாங்குவது?

மல்லிகைப்பந்தல் (திருச்சி)

வணக்கம் தோழிகளே. இரண்டாவது பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆகிறது. சுகப்பிரசவம்தான், ஆனால் கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அதிலிருந்து தும்மினாலோ இருமினாலோ பெரியவனைத் தூக்கினாலோ கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடுகிறது. அவசரமாகக் கழிவறைக்கு ஓடவேண்டிய தொல்லை இல்லை. எரிச்சலும் இல்லை, பரிசோதனையில் கிருமித்தொற்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "கெகல் பயிற்சி செய்யுங்கள்", அதாவது இடுப்புத் தளத் தசையை இறுக்கித் தளர்த்துங்கள் என்று மருத்துவர் ஒரு வரியில் முடித்துக்கொண்டார். மாமியாரிடம் சொன்னால், "பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்கிறார்.

பயிற்சி செய்கிறேன், ஆனால் சரியாகத்தான் செய்கிறேனா என்று தெரியவில்லை. அதனால் கருவி வாங்கலாம் என்று இணையத்தில் தேடினேன். உள்ளே வைக்கும் சிலிக்கான் எடைகள் இருக்கின்றன, ஃபோனோடு இணையும் கருவி இருக்கிறது, மின்சாரம் பாய்ச்சுவது ஒன்று, தொடைக்கு நடுவில் வைத்து அழுத்தும் ஸ்பிரிங் ஒன்று. விலை சில நூறில் ஆரம்பித்து இருபதாயிரத்தைத் தாண்டிப் போகிறது. பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள், எதை வாங்கலாம்?

நூல்கண்டு (திருப்பூர்)

நான் வாங்கியது எடைகள்தான். ஒரு பெட்டியில் லேசானதிலிருந்து கனமானது வரை வரிசையாக இருக்கும். உள்ளே வைத்துக்கொண்டு எழுந்து நின்றால் அது நழுவப் பார்க்கும், விழாமல் பிடிக்கத் தசை இறுகும். காலையில் சமையலறை வேலையோடு சேர்த்துச் செய்தேன். ஒன்று நிற்க ஆரம்பித்ததும் அடுத்த எடைக்குப் போனேன். எனக்கு நல்ல பலன். இப்போது பஸ்ஸில் இருமல் வந்தால்கூடப் பயமில்லை. சார்ஜ் போட வேண்டாம், ஆப் வேண்டாம், விலையும் கட்டுப்படியாகும்.

தொடை ஸ்பிரிங்கை மட்டும் வாங்காதீர்கள். அது தொடையின் உள்பக்கத்துக்குத்தான் வேலை கொடுக்கும்.

பிசியோ_வைகை (மதுரை)

மல்லிகை, பிரசவத்துக்குப் பின் வரும் இடுப்புப் பிரச்சினைகளைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தசைகள் முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்பு வரை, தூளி கட்டியதுபோல் அடியில் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது இதுதான். சுருக்கும்போது இரண்டு வேலை நடக்கவேண்டும்: துவாரங்களைச் சுற்றி இறுகவேண்டும், மொத்தத் தளமும் மேலே ஏறவேண்டும். ஏறுவதுதான் முக்கியம். பலருக்கு அது நடப்பதில்லை. 1991இல் அமெரிக்காவில் பம்ப் என்ற மருத்துவரும் சகாக்களும் 47 பெண்களுக்கு வெறும் பேச்சில் மட்டும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, உடனே அளந்து பார்த்தார்கள். 49 சதவீதம் பேர்தான் சரியாகச் செய்தார்கள். 25 சதவீதம் பேர் செய்த விதம் கசிவை அதிகப்படுத்தக்கூடியது. இழுக்க வேண்டிய இடத்தில் அவர்கள் முக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதனால் எந்தக் கருவி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் ஒரு சோதனை. கதவைத் தாழிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, முழங்காலை மடக்கிக் கால்களை அகட்டி, கைக்கண்ணாடியில் பாருங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை நிறுத்துவது போலவும் இறுக்குங்கள். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோல் உள்ளே, மேலே போகவேண்டும். வெளியே உப்பினால் முக்குகிறீர்கள். வயிறு, புட்டம், தொடை மூன்றும் சும்மா இருக்கவேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. சுத்தமான விரலை உள்ளே வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். தசை விரலைச் சுற்றி இறுகி உள்நோக்கி இழுக்கும்.

பாத்ரூமில் பாதியில் சிறுநீரை நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள். பை முழுதாகக் காலியாகாமல் போகும்.

பார்த்துவிட்டு இங்கே சொல்லுங்கள். அதன்பிறகு கருவியைப் பற்றிப் பேசலாம்.

யோகசாந்தி (சேலம்)

இதற்குப் போய்க் கருவி எதற்கு? மூலபந்தமும் அஸ்வினி முத்திரையும் நம் யோகத்திலேயே இருக்கின்றன. இருபது வருடமாகச் செய்கிறேன், கசிவு என்பதே தெரியாது. பைசா செலவில்லை.

பிசியோ_வைகை

அம்மா, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மூலபந்தத்தில் சுருங்குவது பெரும்பாலும் இதே தசைகள்தான். அஸ்வினியில் ஆசனவாயைச் சுற்றி அதிகமாக வேலை நடக்கிறது. ஏற்கெனவே அந்த இடத்தை உணர்ந்து சுருக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். ஆனால் ஆயுதப் பிரசவத்தில் தசை இழுபட்டு, சில சமயம் எலும்பிலிருந்தே பிய்ந்தும் போயிருக்கலாம், நரம்பும் அடிபட்டிருக்கலாம். அப்படிப்பட்டவரால் "மூலத்தை மேலே இழு" என்று சொன்னால் எதை இழுப்பது என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை. மல்லிகைக்கு இருக்கும் சந்தேகம் அதுதான்.

குளிர்தேசம் (லீட்ஸ், பிரிட்டன்)

மல்லிகை, என்னுடைய மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கும் இதே கதைதான். இங்கே குடும்ப வைத்தியரிடம் கதைத்ததும் பெண்கள் நல பிசியோவிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் முதல் நாளே கருவி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப்போட்டார். பிறகு தேடி வாசித்ததில்தான் காரணம் தெரிந்தது. இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2019 வழிகாட்டுதலின்படி, இருமும்போது கசிகிறவர்களுக்கு முதல் சிகிச்சை குறைந்தது மூன்று மாதம், ஒருவர் மேற்பார்வையில் செய்யும் பயிற்சி. ஒரு தடவைக்கு எட்டுச் சுருக்கமாவது, ஒரு நாளுக்கு மூன்று தடவை. அளவு காட்டும் கருவியையும் மின் தூண்டலையும் எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், தசையைத் தானாகச் சுருக்கவே முடியாதவர்களுக்கு யோசிக்கலாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

இங்கே ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் 600 பெண்களை வைத்து ஓபல் என்றொரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் வந்தது. பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும், மற்றப் பாதிக்குப் பயிற்சியோடு, தசையின் மின் அசைவைத் திரையில் காட்டும் கருவியும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கத்துக்கும் கசிவில் வித்தியாசமே இல்லை. நான் காசை மிச்சம் பிடித்ததில் மகிழ்ச்சி.

ஆனால் எனக்குப் பிசியோ காட்டிய ஒரு சின்னச் சாமான் நல்லாய் இருந்தது. எஜுகேட்டர் என்று பெயர். பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன புரோப் (உள்ளே வைக்கும் பாகம்), அதன் வால்பக்கத்தில் மெல்லிய குச்சி. படுத்துக்கொண்டு உள்ளே வைத்து இறுக்கினால், சரியாகச் செய்தால் குச்சி கீழே சாயும். முக்கினால் மேலே எழும்பும். பற்றரி கிடையாது, ஆப் கிடையாது. குச்சி கீழே போனதைக் கண்ணால் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மல்லிகைப்பந்தல்

கண்ணாடியில் பார்த்தேன். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. உள்ளே போகவில்லை, லேசாக வெளியேதான் தள்ளுகிறது. வயிறும் கல் மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியென்றால் இவ்வளவு நாள் பயிற்சியும் வீணா? ஃபோனோடு இணையும் கருவி வாங்கினால், "தப்பு" என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

பிசியோ_வைகை

கஷ்டப்பட ஒன்றுமே இல்லை. ஒரு வரியில் சொல்லி அனுப்பினால் நான்கில் ஒருவருக்கு இப்படித்தான் ஆகும், ஆய்வே அதைத்தான் சொல்கிறது. இப்போதாவது தெரிந்ததே, அது பெரிய விஷயம்.

உங்கள் கேள்வி நல்ல கேள்வி, இங்கேதான் கருவிக்குக் கருவி வித்தியாசப்படுகிறது. ஃபோன் கருவிகளில் பல, உள்ளே எவ்வளவு அழுத்தம் வருகிறது என்பதை மட்டும் அளப்பவை. நீங்கள் முக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் யோனிக்குள்ளும் தெரியும். கருவி அதையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொண்டு, திரையில் பந்தை மேலே பறக்கவிட்டு "சபாஷ்" சொல்லும். நீங்கள் தளத்தைக் கீழே தள்ளத் தள்ள மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். விளையாட்டாகப் பயிற்சி செய்வது உற்சாகம் தரும் என்பது உண்மைதான், ஆனால் முக்குகிறவருக்கு அந்த உற்சாகமே ஆபத்து.

சில கருவிகள் இதைச் சமாளிக்க முயல்கின்றன. பிரான்சில் தயாராகும் பெரிஃபிட்டில் யோனியின் ஆழத்துக்கு ஒன்று, அதன் வாய்ப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு இடத்தில் அழுத்தத்தை அளந்து, முக்கலைப் பிரித்துக் காட்டப் பார்க்கிறார்கள். அமெரிக்காவில் மருத்துவர் சீட்டின் பேரில் கிடைக்கும் லேவா வேறு மாதிரி. அதில் அசைவை உணரும் சென்சார்கள் வரிசையாக இருக்கின்றன. தளம் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று கோணத்தை வைத்தே சொல்லிவிடும். எனவே எதை வாங்கினாலும் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நான் முக்கினால் இது கண்டுபிடிக்குமா?"

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். குளிர்தேசம் சொன்ன ஓபல் ஆய்வில் இரு பக்கத்தாருக்கும் நேரில் கற்றுக்கொடுக்க நிபுணர் இருந்தார். நிபுணர் இருந்தால் கருவி கூடுதலாக ஒன்றும் தரவில்லை என்பதுதான் அதன் பொருள். நிபுணரே இல்லாத ஊரில் என்ன செய்வது? லேவாவை வைத்து அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வில் 363 பெண்கள் பங்கெடுத்தார்கள். ஒரு பாதி கருவியோடு, மறு பாதி எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்து வீட்டிலேயே பயிற்சி. எட்டு வாரத்தில் கருவிக்காரர்களுக்கே கூடுதல் முன்னேற்றம். இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. தனியாக விடப்பட்டவருக்குச் சரியான கருவி உதவுகிறது, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் அது தேவைப்படுவதில்லை.

திருச்சியில் உங்களுக்கு ஆள் கிடைக்கும். மகப்பேறு மருத்துவமனைகளில், "பிரசவத்துக்குப் பின் இடுப்புத் தளப் பயிற்சிக்கு பிசியோ இருக்கிறார்களா, உள்ளே விரல் வைத்துச் சோதிப்பார்களா" என்று நேராகவே கேளுங்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டு அட்டையைக் கொடுத்து அனுப்புகிறவரிடம் போய்ப் பலனில்லை.

நூல்கண்டு

அப்போது எடைகளை மல்லிகை வாங்க வேண்டாமா?

பிசியோ_வைகை

இப்போதைக்கு வேண்டாம். எடைகளை நான் குறை சொல்லவில்லை. 1985இல் ஸ்லோவேனியாவின் பிளெவ்னிக் கொண்டுவந்த முறை அது. ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட நல்லது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவும் சொல்லியிருக்கிறது. உங்களுக்குப் பலித்தது, ஏனென்றால் உங்களுக்குச் சுருக்கத் தெரிந்திருந்தது. ஆனால் எடை உள்ளே குறுக்காகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டால் தசையே வேலை செய்யாமல் நிற்கும். பிடித்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். இன்னொரு பக்கம், கால் மணி நேரம் விடாமல் இறுக்கிப் பிடித்தால் தசை களைத்துப்போகும். இறுக்கி, முழுதாகத் தளர்த்தி, மறுபடி இறுக்குவதுதான் பயிற்சி. தளர்த்துவதும் பாதிப் பயிற்சி.

கடல்காற்று (தூத்துக்குடி)

தளர்த்துவது என்றதும் எழுதத் தோன்றியது. பெரும்பாலானோர் இதைச் சொல்வதே இல்லை. எனக்குக் கசிவோடு அடிவயிற்றில் வலி, தாம்பத்தியத்தின்போது வலி, சிறுநீர் போக ஆரம்பிக்கவே நேரமாகும். விளம்பரத்தில் "எல்லாப் பெண்களுக்கும்" என்று போட்டிருந்த கருவியை நம்பி வாங்கினேன். செய்யச் செய்ய வலி அதிகமானது. விற்றவர்களிடம் கேட்டால், "ஆரம்பத்தில் அப்படித்தான், விடாமல் செய்யுங்கள்" என்றார்கள். கடைசியில் ஒரு பெண் மருத்துவர் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "உன் தசை பலவீனமாக இல்லையம்மா, எந்நேரமும் இறுகிக் கிடக்கிறது" என்றார். இறுக்கும் பயிற்சியை அன்றே நிறுத்தச் சொல்லி, வயிற்றால் மூச்சு விடுவதும் முழங்காலை மார்போடு அணைத்துப் படுப்பதும் கற்றுக்கொடுத்தார்கள். உள்தசையை விரலால் மெல்ல அழுத்தித் தளர்த்தினார்கள். வலி குறையக் குறையக் கசிவும் குறைந்தது. வலி இருக்கிற யாரும் தயவுசெய்து கருவி வாங்காதீர்கள்.

பிசியோ_வைகை

இந்தப் பதிவை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். எந்நேரமும் இறுகிய தசையும் பலவீனமான தசையைப் போலத்தான் வேலைக்கு உதவாது, ஏனென்றால் ஏற்கெனவே சுருங்கிக் கிடப்பது மேலும் சுருங்க முடியாது. அதனால் கசிவு வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே அறிகுறி, வைத்தியமோ நேரெதிர். உடலுறவில் வலி, டாம்பான் (மாதவிடாய்க்கு உள்ளே வைக்கும் பஞ்சு) அல்லது விரல் வைக்கவே முடியாத இறுக்கம், மலம் கழிக்க எப்போதும் முக்க வேண்டியிருப்பது, வால் எலும்பில் வலி, இதில் எது இருந்தாலும் பலப்படுத்தும் கருவிக்கு முன்னால் சோதனைதான்.

காவிரிக்கரை (சென்னை)

நாற்காலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? உடையோடு உட்கார்ந்தால் போதும், காந்த அலை தசையைத் தானாகச் சுருக்கும் என்று எங்கள் பகுதிக் கிளினிக்கில் விளம்பரம். ஆறு முறை உட்கார ஒரு பேக்கேஜ், பணம் கொஞ்சம் அதிகம். உள்ளே எதையும் வைக்கக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு நல்லதுதானே?

பிசியோ_வைகை

கூச்சம் நியாயமானது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. நாற்காலி வெறும் ஏமாற்று என்றும் நான் சொல்லமாட்டேன். மலேசியாவின் பினாங்கில் 120 பெண்களை வைத்து ஒழுங்கான ஆய்வு நடந்திருக்கிறது, 2017இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு நிஜக் காந்தம், பாதிப் பேருக்குப் போலி. இரண்டு மாதச் சிகிச்சை முடிவில் நிஜத்தில் 75 சதவீதம் பேருக்கும் போலியில் 21.7 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. அது நல்ல முடிவுதான்.

ஆனால் அங்கே கொடுத்தது 16 அமர்வு, உங்கள் கிளினிக் விற்பது ஆறு. அப்புறம், நாற்காலியை ஒப்பிட்டது போலி நாற்காலியோடு, முறையாகக் கற்ற பயிற்சியோடு இல்லை. பயிற்சிக்கு உள்ள சான்று இதைவிடக் கனமானது. 2018இல் காக்ரேன் 14 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இருமல் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் அது 6 சதவீதம். இன்னொன்று, நாற்காலி தசையைச் சுருக்கிவிடும், ஆனால் இருமல் வரும் நொடியில் எப்போது சுருக்க வேண்டும் என்று உங்களுக்குக் கற்றுத்தராது. உடம்பில் பேஸ்மேக்கர், இடுப்பில் உலோகத் தகடு, காப்பர் டி, கர்ப்பம் இதில் ஏதாவது இருந்தால் நாற்காலி வேண்டாம்.

இதோடு சேர்த்து விற்கிற லேசர், ரேடியோ அலை "இறுக்கும்" சிகிச்சைகளில் எச்சரிக்கையாக இருங்கள். தீக்காயமும் தழும்பும் நீடித்த வலியும் வருவதாக மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2018இலேயே எச்சரித்தது.

ஓய்வாசிரியர் (கும்பகோணம்)

பெண்கள் பேசுகிற இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வயது 66. புராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை ஆகி மூன்று மாதம். எழுந்து நின்றாலே கசிகிறது. மகன் வெளிநாட்டிலிருந்து ஆண்களுக்கான மின் கருவி ஒன்றை வாங்கி அனுப்புகிறேன் என்கிறான், ஆசனவாயில் வைப்பது. வேண்டுமா?

பிசியோ_வைகை

ஐயா, தாராளமாக வாருங்கள், ஆண்களுக்கும் இதே தசைதான். புராஸ்டேட்டை எடுக்கும்போது சிறுநீரை அடைக்கும் வால்வின் ஒரு பகுதியும் போய்விடுகிறது, மீதி வேலையை இந்தத் தளமும் வெளி வால்வும் சுமக்கவேண்டும். அதனால் மூன்றாம் மாதத்தில் கசிவது எதிர்பார்க்கக்கூடியதுதான். பெரும்பாலோருக்கு ஓராண்டு வரை முன்னேற்றம் தொடரும்.

சுருக்குவது எப்படி என்றால், ஆணுறுப்பை உள்ளே இழுத்துக் குட்டையாக்குவதுபோல் நினைத்து இறுக்குங்கள், விதைப்பை லேசாக மேலே ஏறும். நின்றுகொண்டு கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். அது தெரிந்துவிட்டால் மின் கருவி தேவையில்லை. தெரியவே இல்லை என்றால் மட்டும் உங்கள் சிறுநீரக அறுவை மருத்துவரிடம் கேட்டுவிட்டு யோசிக்கலாம். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் ஆசனவாயில் எதையும் வைக்கவே வைக்காதீர்கள். நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொண்டு எழுங்கள். கசிவு வருவது அந்த நொடியில்தான்.

ஓய்வாசிரியர்

மிக்க நன்றி அம்மா. எழும் முன் இறுக்குவதை யாருமே சொல்லவில்லை.

குளிர்தேசம்

ஓம், அதுதான் எனக்கும் பெரிய மாற்றம் தந்தது. தும்மலுக்கு முன் இறுக்குவது. அமெரிக்காவின் மிச்சிகனில் 1998இல் மில்லரும் டிலான்சியும் இதை ஆய்ந்தார்கள். வயதான பெண்களுக்கு இருமுவதற்குச் சற்று முன் இறுக்கச் சொல்லிக்கொடுத்து, ஒரு வாரத்தில் மறுபடி சோதித்தால் கசிவு வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு வாரத்தில் தசை பெருக்காது, நேரம் பார்த்துச் சுருக்கியதால் வந்த பலன். எந்தக் கருவியும் அந்த நேரத்தைப் பார்த்துத் தராது.

மல்லிகைப்பந்தல்

பிசியோ கிடைத்துவிட்டார். ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் வருகிறாராம். உள்ளே விரல் வைத்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம் லேசாகத் துடிக்கிறது, இடது பக்கத்தில் அசைவே தெரியவில்லை என்றார். தசைக்கு ஐந்துக்கு ஒன்று மதிப்பெண். தானாகச் சுருங்காததால் சில வாரம் மின் தூண்டல் கொடுத்துப் பார்க்கலாமாம், வீட்டிலேயே செய்யக் கருவி வாங்கச் சொல்கிறார். எதைப் பார்த்து வாங்குவது? நான் காப்பர் டி வைத்திருக்கிறேன், அதுவும் பயமாக இருக்கிறது.

பிசியோ_வைகை

நல்ல பிசியோ கிடைத்திருக்கிறார். ஐந்துக்கு ஒன்று என்றால் மின் தூண்டலுக்கு நியாயம் இருக்கிறது. மின்சாரம் சுருக்கும்போது நீங்களும் சேர்ந்து சுருக்க வேண்டும், அதற்காகத்தான் கொடுப்பது. படுத்துக்கொண்டு ஃபோன் பார்த்தபடி செய்தால் எத்தனை வாரம் செய்தாலும் மூளைக்கும் தசைக்கும் தொடர்பு வராது.

வாங்கும்போது பாருங்கள். அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை மின்துடிப்பு என்பதை, மாற்றும் வசதி இருக்கவேண்டும். உங்களைப் போல் இருமல் கசிவுக்கு 35 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை, அடக்கமுடியாத அவசரத்துக்கு 10 ஹெர்ட்ஸ் பக்கம் வைப்பார்கள். ஒரே பொத்தானில் "பலம்" என்று மட்டும் போட்டிருப்பதை விடுங்கள். மின்னோட்டம் வரும் நேரமும் நிற்கும் நேரமும் தனித்தனியாகத் தெரியவேண்டும், களைத்த தசைக்கு ஓய்வு அதிகம் வேண்டும். மின்னளவைப் படிப்படியாகக் கூட்ட முடியவேண்டும். சுருங்குவது தெரியவேண்டும், சுரீர் என்று வலிக்கக் கூடாது. புரோப் உங்களுக்கு மட்டும்தான், யாருடையதையும் வாங்கிப் பயன்படுத்தாதீர்கள்.

காப்பர் டி விஷயத்தில், கருவியோடு வரும் கையேட்டில் தயாரிப்பாளர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். சிலர் கூடாது என்றே எழுதியிருப்பார்கள். வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பம், பேஸ்மேக்கர், இடுப்புப் பகுதியில் புற்றுநோய், இப்போது இருக்கும் கிருமித்தொற்று, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள், இதில் எதற்கும் மின் தூண்டல் கிடையாது. வலிப்பு வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

பொட்டலம் (கோவை)

மருத்துவக் கருவிகள் வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன், இந்தக் கருவி நான் விற்பதில்லை. ஒரே ஒரு விஷயம். இந்தியாவில் 2017 மருத்துவக் கருவி விதிகள் இருக்கின்றன, 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவியும் அதன் கீழ் வந்துவிட்டது. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முழு முகவரியும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். "மசாஜர்", "அழகு சாதனம்" என்று போட்டு விற்கிற மின் கருவியில் அது இருக்காது, உள்ளே வைக்கும் பொருளில் அந்த ரிஸ்க் எடுக்காதீர்கள். சிலிக்கான் என்றால் மருத்துவத் தரமா என்று கேளுங்கள். சிலிக்கான் கருவிக்கு நீர் சார்ந்த ஜெல்தான் போடவேண்டும். சிலிக்கான் ஜெல் பட்டால் மேற்பரப்பு கெட்டுப்போகும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். உள்ளே வைத்துப் பயிற்சி செய்யப் பச்சைக்கல் முட்டை என்று ஒன்று விற்கிறார்கள், அந்தக் கல்லின் நுண்துளைகளில் புகுந்த கிருமியைக் கழுவி எடுக்க முடியாது. அதன் பலன்களை ஆதாரமில்லாமல் சொல்லி விற்றதற்காக ஓர் அமெரிக்க நிறுவனம் 2018இல் கலிஃபோர்னியாவில் 1,45,000 டாலர் கட்டியது.

ஃபோன் கருவி வாங்குகிறவர்கள், ஆப் இல்லாமல் அது வேலை செய்யுமா என்று பாருங்கள். எல்வி பயிற்சிக் கருவியைச் செய்த பிரிட்டன் நிறுவனம் 2025இல் நொடித்துப் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆப்பை நடத்த ஆள் இல்லையென்றால் கருவி வெறும் சிலிக்கான்.

மல்லிகைப்பந்தல்

உரிம எண் உள்ள கருவியாகப் பார்த்து வைத்திருக்கிறேன். கையேட்டில் காப்பர் டி பற்றி எச்சரிக்கை இருக்கிறது, வியாழக்கிழமை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போகிறேன். அதுவரை பிசியோ சொன்னபடி, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வலது பக்கத்தை மட்டும் மெல்லச் சுருக்கிப் பழகுகிறேன். நேற்று கண்ணாடியில் முதல் முறையாகத் தோல் உள்ளே போனது. ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் போனது.

செங்காந்தள் (விழுப்புரம்)

என் அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 71. அடி இறங்கியிருக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் உருண்டையாக வெளியே தெரிகிறது, கையால் உள்ளே தள்ளிக்கொள்கிறார். யாரிடமும் காட்டமாட்டேன் என்கிறார். வீட்டிலேயே செய்ய இந்தக் கருவிகளில் ஒன்றை வாங்கிக்கொடுத்தால் சரியாகுமா?

பிசியோ_வைகை

வெளியே வந்துவிட்டதைப் பயிற்சியோ கருவியோ திரும்ப மேலே கொண்டுபோகாது. எடைகளும் புரோப்பும் உள்ளே நிற்கவே நிற்காது, புண்தான் ஆகும். அம்மாவுக்குத் தேவைப்படலாம் என்று நான் நினைப்பது பெஸரி, ரப்பர் வளையம் மாதிரி இருக்கும். மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்திவிடுவார், கருப்பையை அது தாங்கிக்கொள்ளும். அறுவை சிகிச்சை வேண்டாம் என்கிற வயதானவர்கள் வருடக்கணக்கில் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அவ்வப்போது எடுத்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அரசு மருத்துவமனை மகப்பேறு வெளிநோயாளிப் பிரிவில் பெண் மருத்துவர்கள் இருப்பார்கள். "அறுக்கமாட்டார்கள், வளையம் வைப்பார்கள்" என்று சொல்லி அழைத்துப் போங்கள். உள்ளே போகும்போது நீங்களும் கூடவே இருங்கள்.

அதுவரை மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர்க் குடம் தூக்க விடாதீர்கள். ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கையால் தள்ளியும் உள்ளே போகவில்லை என்றாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

செங்காந்தள்

வளையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அம்மாவிடம் இப்போதே படித்துக் காட்டுகிறேன்.